உப்பு குறைந்தால் மூளைக்குக் கரண்ட் போகாதா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஆயாவுக்கு விடாத வாந்தி, அப்புறம் பேச்சு குழறல், வளர்த்த பேத்தியையே “நீ யாரும்மா” என்று கேட்டது, கடைசியில் ஒரு வலிப்பு. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், உப்பின் ஒரு பாகமான சோடியம் லிட்டருக்கு 116 மில்லிமோல்தான். பக்கத்துக் கட்டில்காரம்மா “உப்பு கொறஞ்சா மூளைக்குக் கரண்ட் போகாதும்மா” என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து உங்கள் கேள்விகள் கிளம்பியிருக்கின்றன. மூளையில் நிஜமாகவே கரண்ட் ஓடுகிறதா, ஓடினால் அது எங்கிருந்து வருகிறது, உப்புக்கு அதில் என்ன வேலை, ஒரு நரம்பு செல் இன்னொரு செல்லுக்குச் சேதியை எப்படிக் கொடுக்கிறது, ஆயாவுக்கு உங்களை மறந்திருந்த அந்த நேரத்தில் உங்கள் நினைவு எங்கே போயிருந்தது. ஆயா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தப் பாடத்தை எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தக் கட்டில்காரம்மா சொன்னதில் பாதி சரி. மூளையின் மின்சாரம் முழுக்க உப்பிலிருந்து வருவதுதான். ஆனால் உங்கள் ஆயாவின் பேச்சு குழறியதற்குக் காரணம் வேறு. அந்த மின்சாரம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடல், அதிலிருந்து கிளைகிளையாகப் பிரியும் டென்ட்ரைட்டுகள், சேதியை வெளியே கொண்டுபோகும் ஆக்ஸான் என்ற ஒரு நீண்ட இழை. மூளைக்குள் சில ஆக்ஸான்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால் விரல் வரை போகிற ஆக்ஸான் ஒரு மீட்டர் நீளம். எந்த வடிவமானாலும் அடிப்படையில் அது மெல்லிய கொழுப்புச் சவ்வால் ஆன ஒரு பை. உள்ளே உப்பு நீர், வெளியே உப்பு நீர். ஆனால் இரண்டும் ஒரே உப்பு நீர் அல்ல. வெளியே சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும்போது செல்லுக்குள் 10 முதல் 15தான் இருக்கும். பொட்டாசியம் நேர் எதிர்: உள்ளே 140 அளவில், வெளியே வெறும் 4 அளவில்.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததல்ல. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதப் பம்ப் ஓயாமல் மூன்று சோடியம் அயனிகளை (நேர்மின்சுமை ஏற்ற அணுக்களை) வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார். அதற்கான நோபல் பரிசு 40 ஆண்டுகள் கழித்து, 1997இல் வந்தது. நம் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பம்புக்கே போகிறது. நாம் தூங்கும்போதும் அது நிற்பதில்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் வண்டிகள் குவிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட் தூக்கியதும் யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை, கூட்டம் தானாகப் பாய்கிறது. நரம்பு செல்லின் சவ்வும் அப்படிக் கூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. சக்தியெல்லாம் செலவாவது தேக்கி வைப்பதற்குத்தான். சேதி போகிற அந்தக் கணத்தில் செல் எதையும் புதிதாக எரிப்பதில்லை.

சும்மா இருக்கும் செல்லில் பொட்டாசியத்துக்கு மட்டும் சில வாசல்கள் எப்போதும் திறந்திருக்கும். அதன் வழியே கொஞ்சம் பொட்டாசியம் வெளியே கசியும். நேர்மின்சுமை வெளியேறுவதால் உள்பக்கம் எதிர்மின் பக்கமாகச் சாய்கிறது. கணக்கில் சொன்னால் உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியில் 1.5 வோல்ட் இருக்கிறது, 70 மில்லிவோல்ட் என்ன பெரிதா என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தடிமனுக்கு 70 மில்லிவோல்ட் என்றால், மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டைத் தாண்டிய மின்புலம் என்று பொருள். காற்றைக் கிழித்துப் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். உங்கள் தலைக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் சவ்வும் அதைவிடப் பெரிய அழுத்தத்தைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இனி சேதி. சவ்வில் சோடியத்துக்கென்று தனி வாசல்கள் உண்டு. அவை மின்னழுத்தத்தை உணரக்கூடியவை. உள்பக்கம் மைனஸ் 70இலிருந்து மைனஸ் 55 வரை ஏறினால் போதும், அவை திறந்துகொள்ளும். சோடியம் உள்ளே பாயும். பாய்ந்த சோடியம் உள்பக்கத்தை இன்னும் ஏற்றும், அதனால் இன்னும் பல வாசல்கள் திறக்கும். ஒரு மில்லி விநாடிக்குள் உள்பக்கம் பிளஸ் 30, 40 வரை போய்விடும். உடனே சோடிய வாசல்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். பொட்டாசியத்தின் இன்னொரு வகை வாசல்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறும். செல் மறுபடி மைனஸ் 70க்கு இறங்கும். ஓரிரு மில்லி விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். இதைத்தான் நரம்புத் துடிப்பு என்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு ஒயரில் ஓடுகிற கரண்ட் ஒயரின் நீளவாக்கில் ஓடுகிறது. நரம்பில் அயனிகள் போவது குறுக்கே: வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே. கால் விரலில் உள்ளே நுழைந்த சோடியம் கால் விரலிலேயே இருக்கிறது. மூளைக்கு அது வருவதே இல்லை. ஓரிடத்தில் உண்டான மின்னழுத்த மாற்றம் பக்கத்து வாசல்களைத் தட்டித் திறக்கிறது, அவை அடுத்ததை. அப்போதுதான் அடைத்துக்கொண்ட வாசல்கள் கொஞ்ச நேரம் திறக்க மறுப்பதால் துடிப்பு பின்னால் திரும்பாமல் முன்னாலேயே போகிறது. ஒரு மீட்டர் போனாலும் துடிப்பின் உயரம் குறைவதில்லை, ஏனென்றால் ஒவ்வோர் இடத்திலும் அது புதிதாகவே பிறக்கிறது.

அப்படியானால் லேசாகத் தொட்டதற்கும் ஓங்கி அடித்ததற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? துடிப்பின் உயரம் ஒன்றுதான், எண்ணிக்கைதான் மாறும். லேசான தொடுகைக்கு விநாடிக்குச் சில துடிப்புகள், பலமானதற்கு அடுக்கடுக்காக. எட்கர் ஏட்ரியன் 1920களில் இதைக் காட்டினார். 1932இல் ஷெரிங்டனோடு சேர்ந்து நோபல் பெற்றார்.

சோடிய வாசல் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் பல் பிடுங்கும் டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஈறில் போடும் லிக்னோகெய்ன் ஊசி அந்த வாசல்களை உள்ளிருந்து அடைக்கிறது. பல் அங்கேயே இருக்கிறது, காயமும் இருக்கிறது, சேதி மட்டும் கிளம்புவதில்லை. வலையில் சிக்கினால் பந்துபோல் உப்பிக்கொள்ளும் பேத்தை மீன்களில் பல வகைகளின் ஈரலிலும் சினையிலும் இருக்கிற டெட்ரோடோடாக்சின் அதே வாசலை வெளிப்பக்கத்திலிருந்து அடைக்கும். சமைத்தாலும் அது அழியாது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு கைகால் ஓயும், மூச்சுத் தசைகளுக்கும் சேதி போகாமல் நிற்கும். ஆளுக்கு நினைவு இருந்துகொண்டே இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை.

இதையெல்லாம் மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதற்குக் காசிமேட்டில் ஒரு சாட்சி கிடைக்கும். அங்கே மீன் சந்தையில் கடம்பா (கணவாய் இனம், ஆங்கிலத்தில் ஸ்க்விட்) வாங்கிச் சுத்தம் செய்திருப்பீர்கள். அதன் குழாய் போன்ற உடலைக் கீறி விரித்தால் உள்சுவரில், தலைப்பக்கமாக இரண்டு ஓரங்களிலும் நட்சத்திரம்போல் வெள்ளை இழைகள் பிரியும் ஒரு சிறு முடிச்சு தெரியும். அந்த இழைகளுக்குள், பல நரம்பு செல்களின் ஆக்ஸான்கள் ஒன்றாக இணைந்து உண்டான ராட்சத ஆக்ஸான் ஓடுகிறது. ஆபத்து வந்தால் உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்வதற்காக அந்த விலங்குக்கு அமைந்த ஏற்பாடு அது. மனித ஆக்ஸான்களின் குறுக்களவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து 20 பங்கு வரைதான். அட்லாண்டிக் கடலின் பெரிய கடம்பாக்களில் அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட உண்டு. உள்ளே கண்ணாடிக் குழாயை நுழைத்து அளக்கலாம்!

இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939இல் அதைத்தான் செய்தார்கள். உலகப் போர் குறுக்கிட்டு வேலை நின்றது. போர் முடிந்து திரும்பி வந்து, 1952இல் துடிப்பு முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கையெல்லாம் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குக் கருவியில் போட்டார். வாசல் என்ற புரதத்தை அதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்று எந்த வேகத்தில் திறக்கும், எந்த வேகத்தில் அடையும் என்று அவர்கள் எழுதிய கணக்கு இன்றும் நிற்கிறது. 1963இல் நோபல் கிடைத்தது. என்னைக் கேட்டால் 20ஆம் நூற்றாண்டின் உயிரியலில் இதைவிட அழகான வேலை அதிகம் இல்லை.

1961இல் ஹாட்ஜ்கினும் பேக்கர், ஷா என்ற இருவரும் இன்னொன்று செய்தார்கள். ராட்சத ஆக்ஸானின் உள்ளீட்டை உருளையால் அழுத்தி வெளியே பிதுக்கிவிட்டு, காலியான குழாயில் வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். அது துடித்தது. நெடுநேரம் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சவ்வும், அதன் இரு பக்கமும் இரண்டு வெவ்வேறு உப்பும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

இப்போது உங்கள் ஆயாவிடம் வருவோம். ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் கட்ஸும் 1949இல் கடம்பா ஆக்ஸானைச் சுற்றியிருந்த கடல்நீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். குறையக் குறையத் துடிப்பின் உயரமும் குறைந்தது. அப்படியானால் 116 என்பது துடிப்பை நிறுத்திவிடாதா? கணக்குப் போடலாம். வெளியே 140, உள்ளே 12 என்று வைத்துக்கொண்டால் சோடியத்தை உள்ளே தள்ளும் விசை சுமார் 65 மில்லிவோல்ட்டுக்குச் சமம். வெளியே 116 ஆனால் அது 60 ஆகிறது. ஐந்து மில்லிவோல்ட்தான் வித்தியாசம். துடிப்பு கொஞ்சம் குட்டையாகும், நிற்காது. உப்பு தீர்ந்து போவதும் கிடையாது. ராட்சத ஆக்ஸானில் ஒரு துடிப்புக்கு உள்ளே நுழையும் சோடியம், அங்கிருக்கும் பொட்டாசியத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நடந்தது வேறு. ரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு 135 முதல் 145. அது குறையும்போது செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் நீர்த்துப்போகிறது. அதிக உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும், அதாவது செல்லுக்குள். செல்கள் வீங்கும். கை, கால் என்றால் வீங்க இடமுண்டு. மூளை எலும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. வீங்கினால் அழுத்தம் ஏறும். முதலில் குமட்டல், தலைவலி, மந்தம். பிறகு குழப்பம், பேச்சுக் குழறல், வலிப்பு. சோடியம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அந்த அளவுக்கு ஆபத்து. வாந்தியெடுப்பவருக்கு உப்பும் தண்ணீரும் சேர்ந்து போகிறது. நாம் வெறும் தண்ணீரையே மாற்றி மாற்றிக் கொடுத்தால் இருக்கிற உப்பும் நீர்த்துவிடும். வாந்தி பேதிக்கு ஓஆர்எஸ் கரைசலைச் சொல்வது அதனால்தான். அதில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் அளந்து போட்டிருக்கிறார்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணமும் அடிக்கடி சேரும். தயசைடு வகை பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள், வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் ஆகியவை சோடியத்தை இறக்கக்கூடியவை. ஆயா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தப் பரிசோதனையை எப்போது திரும்பச் செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், பிரஷரோ இதயத் தொல்லையோ இருந்தால் அது வேறு வினை.

“ட்ரிப்ஸ் சொட்டுச் சொட்டா ஏத்துனாங்க, எங்களுக்கு ஒரே கோவம்” என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் செய்தது சரி. காரணம் மயலின். நீண்ட ஆக்ஸான்களைச் சுற்றித் துணைச் செல்கள் கொழுப்புச் சவ்வை அடுக்கடுக்காகச் சுற்றி வைத்திருக்கின்றன. நடுநடுவே சின்ன இடைவெளிகள் விட்டிருக்கும். துடிப்பு அந்த இடைவெளிகளில் மட்டும் பிறந்தால் போதும், நடுவில் இருக்கும் தூரத்தைச் சட்டென்று கடந்துவிடும். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பின் வேகத்தை முதன்முதலாக அளந்தபோது விநாடிக்கு 27 மீட்டர் அளவில் வந்தது. மயலின் உறை தடித்த மனித நரம்புகளில் வேகம் 100 மீட்டரைத் தாண்டும். உறை இல்லாத மெல்லிய வலி நரம்புகளில் ஒரு மீட்டர் அளவுதான். இருட்டில் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, உள்ளுக்குள் குடையும் வலி சற்று நேரம் கழித்து வருவது இதனால்தான்.

சோடியம் குறைந்து ஓரிரு நாள் ஆகிவிட்டால் மூளைச் செல்கள் தங்களிடம் இருக்கும் கரைபொருள்களை வெளியேற்றி வீக்கத்தை ஓரளவு சமாளித்துக்கொள்கின்றன. அந்த நிலையில் வெளியே சோடியத்தை ஒரேயடியாக ஏற்றினால் தண்ணீர் சட்டென்று செல்லைவிட்டு வெளியே ஓடும். மயலின் சுற்றும் செல்கள் அதில் சிதைந்துபோகும், குறிப்பாக மூளைத்தண்டின் நடுப்பகுதியில். சில நாள் கழித்துக் கைகால் விழும், விழுங்க முடியாமல் போகும், பேச்சு போகும். ரத்தத்தின் சோடிய அளவை ஒரு நாளைக்கு லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருப்பது அதைத் தவிர்க்கத்தான். வலிப்பு வந்த நேரத்தில் மட்டும் அடர்த்தியான 3 சதவீத உப்புக் கரைசலைக் கொஞ்சம் வேகமாகக் கொடுப்பார்கள். ஆபத்து கடந்ததும் நிதானம்.

ஒரு செல் இன்னொன்றிடம் எப்படிப் பேசுகிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதில்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய சண்டை. இத்தாலியின் கோல்ஜி, நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றார். ஸ்பெயினின் கஹால், கோல்ஜி கண்டுபிடித்த அதே சாயத்தைப் பயன்படுத்திப் பார்த்து, ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள். அந்த மேடையிலும் கோல்ஜி தன் கொள்கையை விடவில்லை. கஹால்தான் சரி. இரண்டு செல்களுக்கு நடுவே மில்லிமீட்டரில் 50,000இல் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தச் சந்திப்பைச் சினாப்ஸ் என்கிறோம்.

துடிப்பு அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. சில இடங்களில் செல்கள் நேரடித் துளைகளால் இணைந்திருக்கும், அங்கே மின்னழுத்தம் நேராகவே போய்விடும். ஆனால் பெரும்பாலான சினாப்ஸ்களில் மின்சாரம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வேதிப்பொருள்தான் தூது போகிறது. ஆட்டோ லோவி 1921இல் இதைக் காட்டிய விதம் எளிமையானது. இரண்டு தவளை இதயங்கள். முதல் இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார், இதயத் துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது! நரம்பு எதையோ திரவத்தில் கொட்டியிருக்கிறது. அது அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது.

துடிப்பு ஆக்ஸானின் முனைக்கு வந்ததும் அங்கே கால்சியத்துக்கான வாசல்கள் திறக்கின்றன. கால்சியம் வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. கொஞ்சம் நுழைந்தாலே முனைக்குள் பெரிய மாற்றம். அங்கே ஆயிரக்கணக்கான தூது மூலக்கூறுகளை அடைத்துக்கொண்டு நிற்கும் நுண்பைகளில் ஒன்று சவ்வோடு கலந்து வாய் திறக்கிறது. மூலக்கூறுகள் இடைவெளியில் பரவி, எதிர்ச் செல்லின் ஏற்பிகளில் போய் உட்கார்கின்றன. இவ்வளவும் ஒரு மில்லி விநாடிக்குள். தூது எப்போதும் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும், அரைப் பொட்டலம் என்பது இல்லை. இதை 1950களில் காட்டியவர், முன்னே சொன்ன அதே கட்ஸ். மூளையின் பல சினாப்ஸ்களில் துடிப்பு வந்தும் ஒரு பொட்டலமும் வெளியேறாமல் போவது சகஜம். மாணவர்கள் இதைக் கேட்டு ஏமாற்றமடைவார்கள். எனக்கு இது மூளையின் மேல் மரியாதையைத்தான் கூட்டுகிறது: ஒவ்வொரு கண்ணியும் இப்படித் தவறக்கூடியதாக இருந்தும் நாம் பிசகாமல் பேசுகிறோம், நடக்கிறோம்.

வேலை முடிந்ததும் தூதை உடனே அகற்ற வேண்டும். அசிட்டைல்கோலினை ஒரு நொதி அங்கேயே உடைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்குகிறது. தூது அகலாமல் குவியும். வாயில் எச்சில் பெருகும், கண்மணி குறுகும், தசை துடித்துத் துடித்துச் சோர்ந்துவிடும். நம் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் அட்ரோபின் என்ற மாற்று மருந்து எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதன் காரணம் இதுதான். குளுட்டமேட், செரட்டோனின் போன்றவற்றைச் செல்களே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மனச்சோர்வு மாத்திரைகளில் பல, செரட்டோனின் அப்படி உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை.

எதிர்ச் செல் தூதைப் பெற்றதும் துடித்துவிடுவதில்லை. மூளையின் முக்கியமான முடுக்கும் தூது குளுட்டமேட். அது சோடியத்தை உள்ளே விட்டு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும். அடக்கும் தூது காபா. அது குளோரைடை உள்ளே விட்டு ஏறவிடாமல் பிடிக்கும். ஒரு செல்லின் மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள். “துடி” என்பவையும் “துடிக்காதே” என்பவையும் கூடிக் கழிந்து, மைனஸ் 55ஐத் தொட்டால் மட்டும் துடிப்பு. மூளை யோசிப்பது என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் நடக்கிறது. நம்ம ஏரியா பாக்ஸிங் பையன் ஒருவன் குத்து விடும்போது முழங்கையை நீட்டும் தசைக்கு “துடி” என்று சேதி போகிற அதே கணத்தில் மடக்கும் தசையை இயக்கும் செல்லுக்கு “துடிக்காதே” என்று போக வேண்டும். இரண்டாவது போகாவிட்டால் கை விறைத்துப்போகும்.

அடக்குவது எவ்வளவு அவசியம் என்பது வலிப்பில் தெரியும். ஆயாவின் வீங்கிய மூளையில் அந்தச் சமநிலை குலைந்து, பெருந்தொகைச் செல்கள் ஒரே தாளத்தில் துடித்திருக்கின்றன. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், உடனே நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நிற்கும். சாவி தேடி எடுத்து வர அந்த நேரம் சரியாக இருக்கும். இரும்புக்கு இதில் பங்கில்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் போடும் லோராசெபம் அல்லது மிடசோலம் ஊசி, காபாவின் அடக்கும் வேலைக்குத் துணை நிற்கிறது. ஃபெனிடோயின் என்ற மருந்து, சோடிய வாசல்கள் ஓயாமல் திறந்து செல் அடுத்தடுத்துத் துடிப்பதைத் தடுக்கிறது.

பக்கவாதத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அதுவும் இதே பம்பின் கதை என்பதால். ரத்தக்குழாய் அடைத்தால் ஏடிபி தீர்ந்து பம்ப் நிற்கும். தேக்கி வைத்த ஏற்றத்தாழ்வு சரியும். குளுட்டமேட் கட்டுக்கடங்காமல் கொட்டும், கால்சியம் உள்ளே வெள்ளமாக நுழைந்து செல்லைக் கொல்லும். பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது 2006இல் வெளியான கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. வாய் கோணினால், ஒரு கை திடீரென்று விழுந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. உங்களை மறந்திருந்தபோது அந்த நினைவு எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. நினைவு ஓடுகிற துடிப்பில் சேமிக்கப்படுவதில்லை. சினாப்ஸ்களின் பலத்தில் சேமிக்கப்படுகிறது. ஆஸ்லோவில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வில் டிம் பிளிஸும் டெரியே லோமோவும் முயல் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஒரு நரம்புப் பாதையைச் சற்று நேரம் வேகமாகத் தூண்டினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சினாப்ஸ்கள் பல மணி நேரம் பலமாகவே இருந்தன. எதிர்ச் செல்லில் ஒருவகைக் குளுட்டமேட் ஏற்பி இருக்கிறது. அதன் வாயை மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். தூது வருவதும், எதிர்ச் செல் ஏற்கெனவே நன்றாக ஏறியிருப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் மக்னீசியம் விலகும். விலகினால் கால்சியம் நுழைந்து, அந்தச் சந்திப்பில் மேலும் ஏற்பிகளைக் கொண்டுவந்து பதிக்க ஏற்பாடு செய்யும். நாளாக ஆகச் சந்திப்பின் வடிவமே மாறும். உங்கள் முகம், உங்கள் குரல், நீங்கள் சின்ன வயதில் நடந்த விதம் எல்லாம் ஆயாவின் மூளையில் இப்படிப் பல ஆண்டுகளாகப் பதிந்தவை.

பெருந்தமனி அறுவை சிகிச்சைகள் சிலவற்றில் உடம்பை 18 டிகிரி அளவுக்குக் குளிரூட்டி, ரத்த ஓட்டத்தையே சில நிமிடங்கள் நிறுத்துவார்கள். தலையில் பொருத்திய மின்பதிவில் கோடு தட்டையாகிவிடும். மூளையில் துடிப்பே இல்லை. சூடேற்றி எழுப்பினால் அந்த ஆள் தன் பெயரையும் பிள்ளைகளையும் சொல்வார். ஆயாவுக்கு அவ்வளவுகூட ஆகவில்லை. பதிந்தது பதிந்தபடி இருந்தது, வீக்கத்தால் செல்கள் ஒழுங்காகத் துடிக்க முடியாததால் அதை எடுக்க மட்டும் முடியவில்லை. சோடியம் ஏறி வீக்கம் வடிந்ததும் எடுக்க முடிந்தது.

ஒன்று மட்டும் திரும்பாமல் போகலாம்: அவர் குழம்பிக் கிடந்த அந்த நாட்கள். புதிதாக எதையும் பதிய வேண்டுமானால் செல்கள் சரியான நேரத்தில் சேர்ந்து துடித்தாக வேண்டும், அப்போது அது நடக்கவில்லை. வார்டில் நடந்ததெல்லாம் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். என்ன நடந்தது என்று அவரே கேட்டால் நீங்கள் சொல்லுங்கள்.